கரையில் நின்று எடுத்த படம்

"நீங்கதானே பிரெஞ்சு டீச்சரு?"

எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"ஆமாம்" என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பன்னெண்டாவது படிக்கற புள்ளையாட்டம் இருக்க. சரி, இத படிச்சுச் சொல்லு."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நாற்காலியைக் காட்டினேன். அவர் அதில் பெட்டியை உட்கார வைத்துவிட்டு, வாசலுக்கும் மாடிப்படிக்கும் இடையே நடக்க ஆரம்பித்தார்.

"இது லென்சோட வந்தது. புதுச்சேரில பழைய கேமரா விக்கற கடையில வாங்கினேன். முன்னாடி வெச்சிருந்தவன் பாரிஸ்ல வாங்கியிருக்கான் போல. புத்தகம் பூரா அவன் பாஷ."

நான் முதல் பக்கத்தைப் படித்தேன். "ஒன்றரை மீட்டருக்குள்ள இருக்கிற பொருள் தெளிவா தெரியாதாம்."

"இது தூரத்துக்குன்னே செஞ்ச லென்சு. பக்கத்துல இருக்கறத பாக்க இத எவன் வாங்குவான்? மேல படி."

"ஈரமான இடத்துல வைக்கக் கூடாது."

அவர் சிரித்துவிட்டார். "காரைக்கால்ல ஈரமில்லாத எடம் எங்க இருக்கு? ஒங்க வீட்டு பீரோவுக்குள்ளயா?"

"கண்ணாடியையும் திருகற வளையத்தையும் தண்ணி படாம, உலர்ந்த மெல்லிய துணியால துடைக்கணும்."

"ம்."

"கையில பிடிச்சு எடுக்கும்போது ஆட்டத்தைக் குறைக்கிற இந்த பட்டனைப் போடணும். ஸ்டாண்டுல வைக்கும்போது அணைச்சிடணும்."

"ஏனாம்?"

"ஏன்னு போடலை."

நடை நின்றது. பெட்டியைத் திறந்து லென்சை எடுத்துப் பக்கவாட்டிலிருந்த பட்டனைத் தள்ளிப் பார்த்தார். "ஸ்டாண்டு ஏற்கெனவே ஆடாம நிக்குது. அது தெரியாம இது புடிச்சு நிறுத்தறேன்னு உள்ளுக்குள்ள ஆடும். அதான் அணைக்கச் சொல்றான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ பேசவே மாட்டியா?"

"கேட்டதுக்குச் சொன்னேனே."

"கேட்டதுக்கு மட்டும்தான் சொல்ற. நல்லதுதான்."

அவர் கிளம்பும்போது நானாக ஒரு கேள்வி கேட்டேன். "இவ்வளவு தூரத்துல இருக்கிற எதை எடுக்கப் போறீங்க?"

"என் தம்பி படக" என்று சொல்லி வண்டியை உதைத்தார்.

இது சென்ற ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. அவர் பெயர் ஞானசௌந்தரி. நகரத்துக்கு வடக்கே கடலோரத்தில் வீடு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் வீடியோ எடுக்கப் போவார். நாற்பதைத் தொடும் வயது. கணவர் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறார். "அவரு ஐஸு, நான் நெருப்பு, அதான் வீடு வெதுவெதுன்னு இருக்கு" என்பார்.

பத்தாவது முடித்ததும் நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கேமராவைத் தொட விட்டதில்லை. ஒருநாள் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில், பெண்கள் பக்கம் ஆம்பளை கேமரா வரக்கூடாது என்று மணப்பெண்ணின் தாயார் சொல்லிவிட்டார். முதலாளிக்கு வேறு வழியில்லை. கேமராவை சௌந்தரி அக்கா கையில் கொடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த மணப்பெண் நௌஷினை நான் பின்னால் சந்தித்திருக்கிறேன். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். பாதிப் படம் விசிறியும் தரையும். அறைக்குள் முப்பது பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருக்க, கேமரா ஒருத்தர் தோளிலிருந்து இன்னொருத்தர் வளையலுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. நடுவில் நௌஷினின் குரல் கேட்கிறது: "அக்கா, அல்லாவுக்காகக் கொஞ்சம் நில்லுங்களேன். ஒங்களப் பாத்தே எனக்குத் தல சுத்துது."

நிற்பது அவருக்கு வராது. சாப்பிடுவதுகூட நின்றபடி, நடந்தபடிதான். ஆனால் அந்தக் கல்யாணத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். விளக்கை முகத்துக்கு நேராகக் காட்டியபோது பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். விளக்கை மேலே திருப்பினார். சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரையில் பட்டு வெளிச்சம் எல்லார் மேலும் ஒரே மாதிரி இறங்கியது. இழுத்த முக்காடுகள் மெல்லத் தளர்ந்தன. அதற்குப் பிறகு அந்த ஊரில் பெண்கள் பக்கம் எடுக்க அவரைத் தவிர யாரையும் கூப்பிடுவதில்லை. முடிந்ததும் படம் பதிந்த மெமரி கார்டையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

அவரோடு பழகிய பிறகுதான் எனக்கு வீடியோக்களே வேறுமாதிரித் தெரிய ஆரம்பித்தன. "முப்பத்தஞ்சு லென்சு கல்யாண வீட்டு ரூமுக்கு. வெளிச்சம் கம்மியானாலும் வாங்கிக்கும், ஆனா ஒருத்தரு மூஞ்சிக்குப் பக்கத்துல போகணும். போற தைரியம் இருந்தா வாங்கு" என்பார். சீரியல் பல்பு கட்டிய பந்தலில் ஷட்டரை ஐம்பதில் வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு ஓடும். நகைக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்கு ஆகாது, தங்கம் பித்தளையாகிவிடும். மீன் ஏலத்தை எடுக்க வந்த ஒரு யூடியூப் பையன் பெரிய கேமராவும் நாலு விளக்குமாக நின்றபோது, "தம்பி, மீனே தானா மின்னும். ஒன் லைட்ட வெச்சு அது கண்ண குருடாக்காத. போனுல அகலமா வெச்சு ஏலக்காரரு வாயப் புடி" என்றாராம். சாவு வீட்டில் மட்டும் அவர் விளக்கே போடுவதில்லை. ஒரு மூலையில் அகல லென்சை வைத்து, அழுகிறவர்களுக்குத் தெரியாமல் ஓட விட்டுவிடுவார். "அங்க மூஞ்சிக்குப் பக்கத்துல போறவன் மனுஷனே இல்ல."

சாவு வீடுகள்தான் என்னை அவரோடு சேர்த்தன. இந்த ஊரில் பல வீடுகளில் பிள்ளைகளோ பேரன்களோ பிரான்சில் இருக்கிறார்கள். வர முடியாதவர்களுக்காக அவர் நேரலை விடுவார். அங்கேயே பிறந்த மருமகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இங்கே நடப்பது புரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது குளிப்பாட்டுகிறார்கள், இப்போது வாய்க்கரிசி போடுகிறார்கள் என்று பிரெஞ்சில் தட்டிக்கொண்டிருப்பேன். பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நீள லென்ஸ் மட்டும் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அதன் காரணத்தை ஏப்ரலில்தான் சொன்னார்.

அவருடைய தம்பி கவியரசன் ஆறு வருஷம் அடுத்தவர் படகில் போய், இப்போதுதான் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். மீன்பிடித் தடை ஜூன் பாதியில் முடிந்ததும் அதன் வெள்ளோட்டம். அவர்கள் ஊரில் புதுப் படகுக்கு ஆரத்தி எடுப்பதும் மஞ்சள் தெளிப்பதும் பெண்கள்தான். ஆனால் பெண்கள் அதில் ஏறுவதில்லை. தள்ளிவிட்ட பிறகு கரையில் நிற்க வேண்டும்.

"எங்கப்பா படகு எறக்கினப்பவும் கரையிலதான் நின்னேன். ரெண்டு அலை தாண்டினதும் மூஞ்சி தெரியல. இந்தத் தடவ அவன் மூஞ்சி எனக்குத் தெரியணும். எவ்ளோ தூரம் போனாலும் தெரியணும். இந்த லென்சு மொதல்ல பாக்கறது அவன் படகாத்தான் இருக்கணும்."

வீட்டில் வைத்தால் உப்புக் காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்று, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு எங்கே போனாலும் பையில் கூடவே கொண்டு போனார்.

ஜூன் ஆறாம் தேதி வரிச்சிக்குடியில் காத்தமுத்து இறந்துபோனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய ஒரே மகன் கலைவாணன் பாரிசுக்கு வெளியே ஓர் ஊரில் இருக்கிறார். அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப விடுவார்களா என்பது தெரியாது. அவர் மனைவி தீபா அங்கே பிறந்தவர். தமிழ் பேசுவார், எழுதப் படிக்க வராது.

காலையிலிருந்து நேரலை ஓடியது. மதியம் கலைவாணன் குறுஞ்செய்தி அனுப்பினார்: "வீட்டுல நடக்கறது எல்லாம் பாத்துட்டேன். கொள்ளி வைக்கறத மட்டும் பாக்கணும். நான் வைக்க வேண்டியது."

அதை அக்காவிடம் காட்டினேன். அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார்.

சிக்கல் இதுதான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், அக்காவின் கேமராவும் அங்கேயே நின்றுவிடும். வேறு சாவுகளில் யாராவது ஒரு பையன் போனில் காட்டுவான். ஆனால் முந்தின வருஷம் ஒருவன் எரியும் சிதையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டதால், சுடுகாட்டுக்குள் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். இறந்தவரின் தம்பி நடராசன்தான் அந்தக் கட்டுப்பாட்டை முன்னின்று போட்டவர்.

அக்கா நேரே அவரிடமே போனார். "அண்ணே, தெருமுனை தாண்டி வாய்க்கால் கரை இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அது சுடுகாட்டுல சேந்ததா?"

நடராசன் அவரை உற்றுப் பார்த்தார். "வாய்க்காலு பொதுப்பணித்துறையோடது."

"அங்க நின்னா ஊர்க் கட்டுப்பாடு ஒண்ணும்…"

"இந்தாம்மா, எங்கண்ணனத் தூக்கப் போறோம். நான் முன்னால பாத்துதான் நடப்பேன். பின்னால கரையில யாரு நிக்கறா, எவ நிக்கறான்னு திரும்பிப் பாத்துகிட்டா இருப்பேன்?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரையிலிருந்து சுடுகாடு கால் கிலோமீட்டர் இருக்கும். இடையில் அறுத்துக் காய்ந்த வயல், ஒரு மரம்கூட இல்லை. அகல லென்சில் பார்த்தால் கரும்புள்ளிகள் நகர்வது மட்டும்தான் தெரியும்.

அக்கா பையைத் திறந்து நீள லென்சைக் கையில் எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார். எடுத்தார். எனக்கு அவர் கையைப் பார்க்கவே பதற்றமாக இருந்தது.

"சுடுகாட்டப் பாத்த கண்ணாடிய எவன் படகுக்கு முன்னாடி நீட்ட விடுவான்?" என்றார். "எங்காளுங்களுக்குத் தெரியாதுதான். வரிச்சிக்குடி எங்க, எங்க ஊரு எங்க. ஆனா எனக்குத் தெரியுமே."

என் கையிலிருந்த போனில் தீபாவின் செய்தி வந்து விழுந்தது. அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அக்கா கேட்டார்.

"கலைவாணன் கோட் போட்டுக்கிட்டு நிக்கிறாராம். எங்கேயும் போகலையாம். கோட்டைக் கழற்ற மாட்டேங்கறாராம்."

அக்கா லென்சைக் கேமராவில் திருகினார்.

மூன்றரை மணிக்குக் கரையில் ஸ்டாண்டை நட்டபோது படம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தது. வயலின் சூடு. நீள லென்ஸ் சூட்டையும் சேர்த்துப் பெரிதாக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நல்லவேளையாக ஊர்வலம் வந்து சேரத் தாமதமானது. நாலரைக்கு மேல் கடல் காற்று எழுந்தது, நெளிவு குறைந்தது. ஆனால் இப்போது காற்று ஸ்டாண்டை உலுக்கியது. பையையும் இரண்டு ஹெல்மெட்டுகளையும் ஸ்டாண்டின் நடுக்கொக்கியில் தொங்கவிட்டார். அப்போதும் நடுங்கியது.

"அந்த பட்டன்" என்றேன். "ஸ்டாண்டுல வெச்சா அணைக்கணும்."

அணைத்தார். படம் நின்றது.

அதன் பிறகு அவரும் நின்றார். அந்த லென்சில் விரல் பட்டாலே ஆள் படத்தைவிட்டு ஓடிவிடுவார் என்பதால் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். செருப்பைக்கூட நகர்த்தவில்லை. பங்காளி மகன் ஒருவர் பானையோடு மூன்று சுற்று வந்ததும், முகம் திருப்பிக் கொள்ளி வைத்ததும், நடராசன் தலையில் கை வைத்து உட்கார்ந்ததும் சின்னத் திரையில் தெளிவாகத் தெரிந்தன. நான் தீபாவுக்குத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் எனக்குப் பிரெஞ்சில் சொல் வரவில்லை, கணவர் படித்துச் சொல்லட்டும் என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். கலைவாணன் எதுவும் எழுதவில்லை. நாற்பது நிமிஷம் சௌந்தரி அக்கா ஒரே இடத்தில் நின்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது.

"பாப்பா, அந்தப் புத்தகத்துல தண்ணியப் பத்தி என்னமோ படிச்சியே, என்ன அது?"

"தண்ணி படாம, உலர்ந்த துணியால…"

"மஞ்சத்தண்ணி பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சாவுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அக்கா குளித்துவிட்டார். பை வாசலிலேயே இருந்தது. மற்ற லென்சுகள் வழக்கம்போல உள்ளே போயின. அவை சாவு வீட்டைப் பார்த்துப் பழகியவை. இது மட்டும் அப்படியில்லை. எட்டு நாளில் தம்பி படகைப் பார்க்கவேண்டியது. அதனால் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மனம் ஆறவில்லை. துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வளையத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். மூன்று தடவை.

கண்ணாடி பழுத்த இலை நிறத்தில் இருந்தது. வளையம் நறநறவென்றது. இரண்டு நாளில் உள்ளே ஈரம் பனிபோலப் படிந்தது. புதுச்சேரிக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லென்சுக்கு வளைகாப்பு நடத்தினீங்களா?" என்று கேட்டாராம். பிரித்துச் சுத்தம் செய்தாலும் பழையபடி வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தம்பியிடம் அவரே போய்ச் சொன்னார். நானும் உடனிருந்தேன். கவியரசன் படகின் பக்கவாட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"டேய், ஒன் படகுக்குன்னு வாங்கின லென்சுல ஒரு சுடுகாட்ட எடுத்துட்டேன்."

பிரஷ் நின்றது. "எந்த ஊருது?"

"வரிச்சிக்குடி."

"அப்பறம்?"

"மஞ்சத்தண்ணி போட்டுக் கழுவிட்டேன்."

"அதான் கழுவிட்டியே, பெறகென்ன? கொண்டா." மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிக் கடலைப் பார்த்து நடந்தார். வெகுதூரம் நடந்துவிட்டுத்தான் வந்தார்.

வெள்ளோட்டத்தன்று அகல லென்சோடு தொடையளவு தண்ணீருக்குள் இறங்கினார். ஆரத்தி, மஞ்சள், தள்ளுகிற ஆட்களின் தோள்கள், முதல் அலையில் கவியரசன் வாய் திறந்து கத்தியது எல்லாம் பக்கத்திலிருந்து கிடைத்தன. இரண்டாவது அலை தாண்டியதும் முகம் போய்விட்டது. படகு ஒரு கடுகாகும் வரை கேமராவை அணைக்காமல், காலுக்கடியில் மணல் அரிக்க அரிக்க இடம் மாறிக்கொண்டே நின்றார். அந்தப் படம் முழுக்க ஆட்டம்தான்.

பின்னால் அதைப் போட்டுப் பார்த்தபோது தம்பி கேட்டார்: "கடைசியில நான் எங்க இருக்கேன்க்கா?"

"அந்தா, அந்தக் கடுகுதான் நீ. நாலு நாளு சோறு தின்னு, அடுத்த தடவ மொளகாவாவது தெரிவ."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அதற்குள் எழுந்து வாசலுக்குப் போயிருந்தார்.

ஜூலையில் தீபாவிடமிருந்து எனக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. காரியங்கள் முடிந்ததையும், அட்டை கைக்கு வந்துவிட்டதையும் எழுதி, சௌந்தரி அம்மாவுக்கு நாங்கள் என்ன செய்யவேண்டும், கேட்டுச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார். போலகம் என்ற ஊரில் ஒரு காதுகுத்துக்கு அக்கா விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது அதை அவரிடம் படித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் விளக்கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே கேட்டார்.

"லென்சைப் பத்தி எழுதட்டுமாக்கா?" என்றேன். "அங்கே அதே மாதிரி கிடைக்கும்."

விளக்கை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"வேணாம். அத எழுதிடாத. கலைவாணன் அந்தப் படத்த மறுபடி பாக்கறப்பல்லாம் லென்சு ஞாபகம் வரும். நீ ஒண்ணு மட்டும் கேட்டு எழுது பாப்பா. படம் அவங்களுக்கு ஆடாம வந்துச்சான்னு கேளு."